கச்சான் நாலு, பின்னேரம் ஆறு

விதி இப்படிச் சொல்கிறது: விண்ணப்பதாரருக்கு அலுவலக மொழி தெரியாவிட்டால், அவருக்கு உறவில்லாத, வயதுவந்த, தகுதியுள்ள ஒருவரையே மொழிபெயர்ப்பாளராக அமர்த்த வேண்டும். பிள்ளைகளை அமர்த்தக் கூடாது. நான் வேலைசெய்த நகரசபையின் பணிக் கையேட்டில் இதற்கென்று ஒரு முழுப் பந்தி இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: வேறு வழியில்லாத இடத்தில், சுருக்கமான விடயங்களுக்கு மட்டும், விலக்கு அளிக்கலாம். முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் நான் கண்ட விதிகள் பெரும்பாலும் மேல்வரியில் நிமிர்ந்து நின்று, கீழ்வரியில் படுத்துவிடுபவை.

அந்த வேறு வழியில்லாத இடம் நாங்கள்தான். என் வயதுக்காரரே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அம்மாவின் வயிற்றுவலியை டொக்டருக்குச் சொன்னவர்கள் நீங்கள். அப்பாவின் வேலைநீக்கக் கடிதத்தை அப்பாவுக்கே வாசித்துக் காட்டியவர்கள். பள்ளிக்கூடத்தில் உங்களைப் பற்றி ஆசிரியை சொன்ன குறைகளைக் கொஞ்சம் திருத்தி மொழிபெயர்த்தவர்கள். இந்தக் கடைசி வேலையில் நாம் எல்லோரும் கைதேர்ந்தவர்கள். நான் சொல்ல வந்தது, திருத்தாமல் மொழிபெயர்த்த ஒரு சொல்லைப் பற்றி. அப்போது எனக்குப் பதினொரு வயது.

ஜெர்மனியில், ஹம் நகருக்கு வடக்கே, ரயிலில் சில நிறுத்தங்கள் தள்ளி, சமதரையில் தனியாக நின்ற மூன்று மாடிக் கட்டடம் எங்கள் ஹைம். அகதிகள் விடுதி. முன்பு அது என்னவாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அறைச் சுவர்களில் இரும்புக் கொக்கிகள் வரிசையாக இருந்தன. அம்மா அவற்றில் ஒரு துவாயைக்கூடத் தொங்கவிட்டதில்லை. "முந்தி என்னத்தைத் தொங்கவிட்டவங்களோ, ஆருக்குத் தெரியும்" என்பா. அம்மா சந்தேகப்படாத பொருள் அந்த நாட்டில் இல்லை. பால் பெட்டியில் சிரித்த மாடு, யன்னல் வைத்த கடித உறை, காரணமில்லாமல் வணக்கம் சொன்ன பக்கத்து வீதிக்காரர் எல்லாமே அவவின் பட்டியலில் இருந்தன. அந்தக் குணம் எனக்குச் சீதனமாக வந்தது. உத்தியோகத்தில் அதற்குப் பெயர் கவனம்.

அப்பா வேறு மாதிரி. அவரை எனக்கு அப்போதுதான் பழக்கம். அவர் மன்னார்க் கரையில் பிறந்து கடலுக்குப் போனவர். அம்மா யாழ்ப்பாணப் பட்டினம். நான் அம்மாவின் ஆட்களோடு வளர்ந்தேன். கடல் எனக்கு மீனாக மட்டுமே வந்து சேர்ந்தது. அப்பா முதலில் ஜெர்மனிக்கு வந்துவிட்டார். நாங்கள் பின்னால் வந்தோம். ஒரே கூரையின் கீழ் அவரோடு இருந்தது அந்த ஹைமில்தான் முதல் தடவை. அவர் பேசும் பேச்சில் பாதி எனக்குப் புதிது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கமாக இருந்தது. கேட்காமல் நானாகவே அர்த்தம் பிடித்துக்கொண்டேன்.

அவருக்கு வேலைசெய்ய அனுமதி இல்லை. சும்மா இருக்கவும் தெரியாது. எனவே வானத்தைப் பார்த்தார்.

அந்தச் சமதரையில் ஏப்ரல் மாதம் எப்படி என்று உங்களில் சிலருக்குத் தெரியும். காலையில் யன்னலைத் திறந்தால் வெய்யில். பல் தீட்டி முடிப்பதற்குள் மிளகளவு பனிக்கட்டி தகரக் கூரையில் கொட்டும். பாடசாலைப் பையைத் தூக்கும்போது மறுபடி வெய்யில், ஈரத் தார் வீதியிலிருந்து ஆவி. மலையோ மேடோ இல்லாததால் எல்லாம் தூரத்திலேயே தெரியும். மூன்றாம் மாடி யன்னலில் நின்றால், வயல்களுக்கு மேலே மழை சாம்பல் சேலை மாதிரித் தனித்தனியாக நடந்து வரும். எது எங்கள் மேல் வரும், எது பக்கத்து ஊருக்குப் போகும் என்பதுதான் கேள்வி.

அப்பாவிடம் இரண்டு கருவிகள் இருந்தன. மருந்துக்கடை விளம்பரம் அச்சிட்ட ஒரு வெப்பமானி. மற்றது, ஊர்க்காரர் வீதியோரம் எறிந்த பழைய சாமான் குவியலில் எடுத்த ஒரு காற்றழுத்தமானி. பித்தளை விளிம்பு, கீறல் விழுந்த கண்ணாடி. அதில் புயல், மழை, மாறக்கூடியது, நல்லது, மிக வறண்டது என்று ஜெர்மனில் எழுதியிருந்தது. முள் 'மாறக்கூடியது' என்ற இடத்தில் இறுகிப்போயிருந்தது. தட்டினாலும் அசையாது. ஏப்ரல் முழுவதும் அது ஒரு நாளும் பிழைவிடவில்லை.

மூன்றாவது, கொப்பி. நீல மட்டை, கட்டம் போட்ட கணக்குக் கொப்பி, என்னுடையது. காலை ஏழு மணி, பின்னேரம் மூன்று மணி, இரவு ஒன்பது மணி என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை அப்பா யன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, மூக்கை உறிஞ்சி, கீழே முற்றத்தைப் பார்த்து, கொப்பியில் எழுதுவார். அடிமட்டம் வைத்துக் கீறிய நேர்த்தியான பத்திகள். ஒரே ஒரு குறை: எந்தப் பத்திக்கும் தலைப்பு இல்லை. தலைப்பில்லாத அட்டவணை அட்டவணையே இல்லை என்று பிற்காலத்தில் எத்தனையோ இளம் உத்தியோகத்தருக்குச் சொல்லியிருக்கிறேன். ஏன் அவ்வளவு கோபமாகச் சொல்கிறேன் என்று அவர்களுக்கு விளங்கியிருக்காது.

விடுதிப் பெண்கள் முற்றத்தில் நின்று மேலே பார்த்துக் கேட்பார்கள்.

"அண்ணை, உடுப்பு விரிக்கலாமோ?"

"பத்து மணிமட்டும் விரியுங்கோ. பிறகு எடுத்துப்போடுங்கோ."

பெரும்பாலும் சரியாக இருக்கும். அதில் எரிச்சல்பட்டவர் ஒருவர்தான். கீழ்வீட்டு மாமா. இரண்டாம் மாடியில் இருந்தாலும் எங்களுக்குக் கீழே என்பதால் அந்தப் பெயர். எங்களுக்கு முன்பே வந்தவர். ஜெர்மன் வாசிப்பார், எழுதுவார். விடுதியில் எல்லோருடைய அன்ட்ராக் விண்ணப்பங்களையும் நிரப்பிக் கொடுப்பார். தொலைக்காட்சிப் பெட்டி அவரிடம் மட்டும் இருந்ததால், வானிலை தன் சொத்து என்று நினைத்தார்.

"தம்பி, டிவியில வெய்யில் எண்டு போட்டிருக்கிறான். நீர் என்ன குடையோட?"

"அண்ணை, அவன் ஸ்டூடியோவுக்குள்ள நிண்டு சொல்லுறான். அவனுக்கு யன்னல் இருக்கோ எண்டு கேளுங்கோ."

"படிச்சவன் சொல்லுறான் ஐசே."

"படிச்சவனும் நனைவான்."

தோற்றவர் மற்றவருக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். மாமா அந்த ஏப்ரலில் ஊற்றிய தேத்தண்ணி கொஞ்சநஞ்சமல்ல. ஊற்றிக்கொண்டே, அப்பாவின் கொப்பியை வாங்கிப் புரட்டுவார். "மூண்டு நேரமும் யன்னலுக்கால பாத்து என்ன எழுதுறீர்? உளவு பாக்கிறீரோ?" என்று சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த மனுசன் ஏன் கொப்பியை அவ்வளவு நேரம் பாக்குது?" என்று பிறகு கேட்டா.

மாமி, அதாவது அவருடைய மனைவி, கச்சான் வறுப்பா. நிலக்கடலையைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். மணலைச் சூடாக்கி, கோதோடு போட்டு வறுத்து, காகிதச் சுருளில் கட்டி, ஹம்மில் நம்மவர் கூடும் விளையாட்டுப் போட்டிகளில் விற்பா. அனுமதி எதுவும் கிடையாது. படிக்கட்டு முழுக்க அந்தச் சூட்டு மணம் ஏறிவரும். அப்பா யன்னலில் மூக்கை உறிஞ்சி, "கச்சான் வந்திட்டுது" என்று எழுதுவார். வேறு நாட்களில் பன்றிப் பண்ணைகள் வயலுக்கு அடிக்கும் உரம் நாறும். அப்பா முகத்தைச் சுளித்து, "வாடை" என்று எழுதுவார். ஆகவே அந்தப் பத்தி எதைப் பற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகித்த பிள்ளை அதை மட்டும் சந்தேகிக்கவில்லை. அது மணங்களின் பத்தி.

விடுதி வேலிக்கு மறுபக்கம் ஒரு நாற்றுப்பண்ணை இருந்தது. பண்ணைக்காரர் வயதான ஜெர்மன்காரர். நாங்கள் வேலியருகே போனாலே நிமிர்ந்து பார்ப்பார், எதையோ களவெடுக்க வந்தோம் என்பதுபோல. ஒரு நாள் வானொலி நல்ல காலநிலை என்று சொன்னதை நம்பி, கண்ணாடிக் கூடத்திலிருந்து பூநாற்றுத் தட்டுகளை எல்லாம் வெளியே அடுக்கினார். அப்பா மேற்கே பார்த்தார். தொலைவில் ஒரு ஆலையின் புகைபோக்கி. நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் ஆலை. நேராக நின்ற புகை எங்கள் பக்கமாகச் சரியத் தொடங்கியிருந்தது.

"சொல்லு அவருக்கு. எல்லாத்தையும் உள்ளுக்கை எடுக்கச் சொல்லு."

சொன்னேன். பண்ணைக்காரர் வானத்தைப் பார்த்தார், நீலம். எங்களைப் பார்த்தார், சந்தேகம். அப்பாவுக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் வானத்திலிருந்து விழுபவற்றின் பெயர்கள்தான். "ஹாகல்! ஹாகல்!" என்று கத்திக்கொண்டு, வேலியைத் தாண்டி, தட்டுகளைத் தூக்கத் தொடங்கிவிட்டார். பண்ணைக்காரர் முதலில் பறித்தார், பிறகு திட்டினார், பிறகு அவரும் தூக்கினார். ஏன் தூக்கினார் என்று அவருக்கே தெரிந்திராது. கடைசித் தட்டு உள்ளே போய்ச் சேர்ந்தபோது ஆலங்கட்டி விழுந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே மூவரும் நின்றோம். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காத சத்தம்.

அந்தக் கிழமையே பண்ணைக்காரர் ஒரு கடிதம் தட்டச்சு செய்து தந்தார். இந்த மனிதரை நான் வேலைக்கு எடுக்கிறேன், அனுமதி தாருங்கள். கடிதத்தோடு ஒரு நிபந்தனை, வாயால் சொன்னது: மே மாத நடுவில் வரும் குளிர்ப் புனிதர்களின் நாட்கள்வரை காத்திருப்பேன். அந்தத் திருநாட்களோடு கடைசி உறைபனி கழிந்த பிறகுதான் இங்கே நாற்றுகளை வெளியே நடுவார்கள். அப்போது எனக்குக் கட்டாயம் ஒரு ஆள் தேவை.

"அர்ச்சிஷ்டவர்கள் குளிர் கொண்டுவருவினமோ?" என்றா அம்மா. "இது எங்கட வேதம் இல்லை. அந்தாள் ஏதோ ஏமாத்துது."

அப்பா புதுக் காற்சட்டை போட்டுக்கொண்டு வேலை அனுமதி அலுவலகத்தில் டெர்மின், சந்திக்கும் நேரம், எடுத்தார். மாமா வருவதாக இருந்தது. அன்று காலை அவருக்குத் தொழிற்சாலையில் முறைமாறி வேலை வந்துவிட்டது. "பெட்டை இருக்கிறாள்தானே, என்னைவிட நல்லாக் கதைப்பாள்" என்றார். வேறு வழியில்லாத இடம், சுருக்கமான விடயம். விலக்கு அளிக்கப்பட்டது.

அலுவலகப் பெண்மணி பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தா. மேசையில் ஒரு கள்ளிச்செடி. எனக்கு ஒரு மின்ட் இனிப்புத் தந்தா. பெரிய ஆள் மாதிரி என்னை 'நீங்கள்' என்று அழைத்தா. அதற்கு முன்பு யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. பண்ணைக்காரரின் கடிதத்தை வாசித்தா, தலையாட்டினா. எல்லாம் நன்றாகவே போயிற்று. அப்போது அப்பா, தன் திறமைக்குச் சான்றாக, கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என்ன?"

"அப்பா ஒவ்வொரு நாளும் எழுதுவார்."

"இந்தப் பத்தி?"

"என்ன மணக்குது எண்டு."

"மணமா?" கண்ணாடிக்கு மேலால் பார்த்தா. "இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதே. இது என்ன?"

"கச்சான்" என்று வாசித்தேன். பிறகு ஜெர்மனில் சொன்னேன்: நிலக்கடலை.

"பக்கத்தில் இலக்கங்கள். நாலு, ஆறு. கிலோவா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். 'நீங்கள்' என்று அழைக்கப்பட்ட ஒருத்தி தெரியாது என்று சொல்வதா? அதோடு, அலுவலகத்தில் 'ஓம்' என்றால் கேள்வி சீக்கிரம் முடியும் என்பதை அந்த வயதிலேயே கண்டுபிடித்திருந்தேன்.

"ஓம்" என்றேன்.

அவ எழுதினா. கொப்பியைத் திருப்பித் தரவில்லை, பரிசீலனைக்கு என்றா. வெளியே வந்ததும் அப்பா கேட்டார்.

"கொப்பியைப் பற்றி என்ன கேட்டவ?"

"அது என்னெண்டு கேட்டவ. நான் சொல்லிப்போட்டன்."

"எல்லாம் விளங்கப்படுத்தினியோ?"

"ஓம்."

"என்ரை கெட்டிக்காரி." ரயில் நிலையத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கித் தந்தார். பனிக்கட்டி மழை பெய்தது. காகிதத் தட்டை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தார்.

இரண்டு கிழமையில் மஞ்சள் உறை வந்தது. மஞ்சள் உறை என்றால் அரச அறிவித்தல், நல்ல செய்தி அதில் வராது என்று உங்களுக்குத் தெரியும். அம்மா அதைத் தொடவில்லை. அப்பா கீழே போய் மாமாவைக் கூட்டிவந்தார். அவர் குசினியில், யன்னலோரக் கதிரையில் இருந்து, முதலில் தனக்குள் வாசித்தார். உதடு மட்டும் அசைந்தது. நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். ஓரிடத்தில் அவருடைய உதடு நின்றது. கடிதத்துக்கு மேலால் என்னைப் பார்த்தார். தேத்தண்ணியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு சத்தமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

"தம்பி, நீர் அறிவிக்காமல் வியாபாரம் செய்யிறீர் எண்டு சந்தேகமாம். கச்சான் வியாபாரம். நாளுக்கு மூண்டு தரம், கிலோக் கணக்கில. இரண்டு கிழமைக்குள்ள எழுத்தில விளக்கம் குடுக்க வேணுமாம். அதுவரைக்கும் வேலை அனுமதி இல்லையாம்."

அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நான் எங்க அண்ணை கச்சான் வித்தன்? ஆர் சொன்னதாம்? ஆர் சொன்னது எண்டு போட்டிருக்கோ?"

"அப்பிடி ஒண்டும் போடேல்லை."

"கச்சான் வறுக்கிறது உங்கட மனிசி."

"தம்பி, யோசிச்சுக் கதையும்."

"கொப்பியைப் பாத்தது நீங்கள் ஒராள்தான். உளவு பாக்கிறன் எண்டு சொன்னதும் நீங்கள்தான். மனிசியைக் காப்பாத்த என்ரை தலையில போட்டிட்டியளோ?"

மாமா கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். எழுந்து நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "சரி, அப்பிடியே இருக்கட்டும்" என்றார். படியிறங்கும் சத்தம் கேட்டது. அப்பா கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். கோப்பு இலக்கம் உள்ள ஆவணத்தைக் கிழிப்பது எவ்வளவு பெரிய நடைமுறைப் பிழை என்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.

அந்த உதடு நின்ற கணத்தை நான் வருடக்கணக்காக வைத்திருந்தேன், மாமாவின் குற்றத்துக்குச் சான்றாக. குற்றமில்லாதவர் ஏன் நடுவில் நிறுத்தவேண்டும்?

ஆனால் அந்தக் கணத்தில் நான் இன்னும் எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மாமிதான் வறுத்தா, மாமிதான் விற்றா, அப்பா அந்த மணத்தை எழுதினார், அலுவலகம் குழம்பிவிட்டது. என் மொழிபெயர்ப்பில் பிழை இல்லை என்றே நினைத்தேன். மூன்று நாள் கழித்துத்தான் அது உடைந்தது. சண்டைக்குப் பிறகு மாமி வறுப்பதை நிறுத்தியிருந்தா. சட்டியையும் மணலையும் முற்றத்துக் குப்பைத் தொட்டியருகே வைத்திருந்ததைக் கண்டேன். அன்று பின்னேரம் அப்பா, கொப்பி இல்லாவிட்டாலும் பழக்கதோஷத்தில், யன்னலைத் திறந்தார். அதே சூட்டு மணம் உள்ளே வந்தது. கரிந்த, லேசாக இனித்த மணம்.

"கச்சான் பிடிச்சிட்டுது" என்றார்.

"எங்கை அப்பா? மாமி வறுக்கேல்லையே."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "வறுக்கிறதோ? காத்தைச் சொல்லுறன் பிள்ளை. மேற்கால வாற காத்து, கச்சான். வடக்கால வாறது வாடை. கிழக்கால வந்தால் கொண்டல். எங்கட கரையில அப்பிடித்தான்." முற்றத்துக் கொடியைக் காட்டினார். "உடுப்புப் பார். கொடியில தொங்கினபடி நிண்டால் ஒண்டு. படுத்துக்கொண்டு பறந்தால் நாலு. கிளிப்போட கழண்டு போனால் ஆறு."

கொடியில் யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டை படுத்தபடி பறந்தது. நாலு. புகைபோக்கியின் புகை வயல்களுக்கு மேலே எங்களை நோக்கி நீண்டிருந்தது. அது கோக் ஆலையின் மணம். எப்போதும் அதுவாகத்தான் இருந்தது.

அப்போது சொல்லியிருக்கலாம். விளக்கம் கொடுக்கப் பதினொரு நாள் மிச்சம் இருந்தது. அம்மா என்னிடம் வந்து, "கீழ்வீட்டு ஆள் இனி எழுதித் தராது. நீ எழுது, உனக்கு ஜெர்மன் தெரியும்தானே" என்றா. ஒரு வரி போதும்: எங்கள் மொழியில் காற்றுக்கும் கடலைக்கும் ஒரே சொல். ஆனால் அந்த வரியை எழுதினால், கடலை என்று சொன்னது யார் என்பதையும் எழுத வேண்டும்.

"எனக்கு ஏலாது. தலையிடி" என்றேன்.

தலையிடி பதினொரு நாள் நீடித்தது.

மே மாத நடுவில் பண்ணைக்காரர் ஒவ்வொரு காலையும் வேலியருகே வந்து, தொப்பியைத் தூக்கி, புருவத்தால் கேட்டார். அப்பா தலையசைத்தார், இல்லை. குளிர்ப் புனிதர்களில் கடைசியானவர் ஒரு பெண். அவருடைய நாளுக்கு முதல்நாள் பகல் சட்டையில்லாமல் நிற்கலாம் போல வெய்யில். தொலைக்காட்சியும் நல்லது என்றதாம். அப்பா வேலிக்குப் போய், கிழக்கைக் காட்டி, "ஃப்ரொஸ்ட்", உறைபனி, என்றார். பண்ணைக்காரர் தட்டுகளை உள்ளேயே வைத்திருந்தார். விடியப் பார்த்தபோது புல் முழுக்க வெள்ளை. பக்கத்துத் தோட்டங்களில் வெளியே நட்டவை கறுத்துப்போயின.

அன்று மத்தியானம் பண்ணைக்காரர் வேறொரு ஆளை வேலைக்கு எடுத்தார். அப்பாவின் கையை வேலிக்கு மேலால் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். ஒரு தக்காளிக் கன்று கொடுத்தார்.

பிறகு அனுமதி வந்தது, வேறொரு வருடம், வேறொரு வேலைக்கு. இறைச்சி வெட்டும் தொழிற்சாலையில் அப்பா இருபத்திரண்டு வருடம் நின்றார். யன்னல் இல்லாத மண்டபம். வருடம் முழுவதும் நாலு பாகை. இடியும் மழையும் உள்ளே தெரியாது. வீட்டுக்கு வந்து கடைசிவரை அவர் வானத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் கீழ்வீட்டு மாமாவைப் பற்றித்தான். "கூட இருந்து குழி பறிச்சவன்." அவருடைய செத்தவீட்டுக்கு மாமா வந்தார். கடைசி வரிசையில் நின்றார். "பாத்தியே, முன்னுக்கு வர முகமில்லை" என்றா அம்மா. நான் வந்தவர்களின் மாலைகளை வாங்கி அடுக்கினேன். நானும் பாதி நம்பியிருந்தேன் என்பதுதான் வெட்கம். என் ஒரு சொல் மட்டும் இவ்வளவும் செய்திருக்க முடியுமா? மாமாவும் ஏதாவது சொல்லியிருப்பார். சொல்லியிருக்க வேண்டும். அவரில் கொஞ்சம் குற்றம் இருந்தால் எனக்குக் கொஞ்சம் குறையும்.

முதுகெலும்பு காரணமாக முன்கூட்டியே ஓய்வு கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை, அப்பாவின் பழைய கோப்பைப் பார்க்க விண்ணப்பித்தது. அந்தக் கோப்பு அழிக்கப்பட்டிருக்க வேண்டும். சேமிப்புக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் எந்த அலுவலகத்திலும் அழிக்க மறக்கிற ஒருவர் இருப்பார் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம் என்றார்கள். மூன்றாவதில், பதில் தராவிட்டால் நான் அடுத்து எந்தப் பந்தியின் கீழ் எங்கே முறையிடுவேன் என்பதைப் பணிவாகக் குறிப்பிட்டேன். அந்த மாதிரிக் கடிதம் எனக்கு வந்திருந்தால் நானும் பயந்திருப்பேன்.

ஒரு தடித்த உறை வந்தது. கொப்பி இல்லை. 'மூலப் பிரதி கண்டுபிடிக்கப்படவில்லை.' மூன்று பக்கங்களின் நிழற்பிரதி மட்டும். அப்பாவின் சரிந்த எழுத்து. கச்சான் நாலு, பின்னேரம் ஆறு. அடுத்ததாக, அவர் கிழித்த அந்தக் கடிதத்தின் அலுவலகப் பிரதி.

அதில் இரண்டாம் பந்தியில், நடுவில், ஒரு வரி இருந்தது. டெர்மினில் சமுகமளித்த மகளின் கூற்றுப்படி, குறித்த சொல் நிலக்கடலையையும் இலக்கங்கள் கிலோவையும் குறிக்கும்.

வேறு எந்தப் பெயரும் இல்லை. முறைப்பாடு இல்லை, கீழ்வீட்டு மாமா இல்லை, மாமி இல்லை. பச்சைச் சட்டைப் பெண்மணி கேட்டதைக் கேட்டபடி எழுதியிருந்தா. நானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அந்த வரியில் விரலை வைத்தேன். உதடு நின்ற இடம் அது.

மாமா இப்போது ஹம்மில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மாமி இல்லை. நான் ஒரு மன்னிப்பு எழுதிக் கொண்டுபோனேன், இரண்டு பக்கம், பந்திகளுக்குத் தலைப்பும் போட்டு. அவர் யன்னலோரம் இருந்தார். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆர், மன்னார்த் தம்பியின்ரை பெட்டையே? வா, இரு. டிவியில வெய்யில் எண்டு போட்டிருக்கிறான்."

யன்னல் கண்ணாடியில் பனிக்கட்டி தட்டிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"இண்டைக்கும் கொப்பருக்கு ஒரு தேத்தண்ணி" என்றார்.

நான் கடிதப் பிரதியை நீட்டினேன். "மாமா, இந்த வரியை ஏன் வாசிக்காமல் விட்டனீங்கள்?"

"எந்த வரி?"

காட்டினேன். கடிதத்தை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். உதடு அசைந்தது, நின்றது. பிறகு, ஆர் சொன்னது என்று அன்று அப்பா கேட்டுக் கிடைக்காத அந்தச் சொற்களைத் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "மகளின்ரை கூற்றுப்படி."

தொலைக்காட்சியில் ஒருவர் நாட்டுப் படத்துக்கு முன்னால் நின்று கையை வீசினார்.

"அண்டைக்கு நான் கண்ணாடி போடேல்லைப் பிள்ளை" என்றார்.

"உங்களிட்டை அப்ப கண்ணாடியே இல்லை மாமா."

"அதைத்தானே சொல்லுறன்."

மன்னிப்பைப் பையை விட்டு எடுக்கவில்லை. எழுந்து தேத்தண்ணி ஊற்றினேன், இரண்டு பேருக்கும். கீழே முற்றத்தில் இல்லத்தாரின் மேசைவிரிப்புகள் கொடியில் படுத்துப் பறந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு, கொப்பிப் பக்கத்தின் நிழற்பிரதி ஓரத்தில், அப்பா எழுதாமல் விட்ட தலைப்பையும் சேர்த்து எழுதினேன்.

காற்று: கச்சான், நாலு. மறுமொழி கிடைத்த நாள்: வியாழக்கிழமை, ஏப்ரல் பதினாறு.